இரண்டு பைப், ஒரு முட்டுக்கட்டை: தாய் ப்ராசஸும் சேய் ப்ராசஸும் ஒன்றுக்காக ஒன்று காத்து நின்ற கதை

அறிகுறி

ஒரு சேவை நிரல் உரைக் கோப்பை வாங்குகிறது. தனியாக எழுதப்பட்ட ஒரு வடிகட்டி நிரலைச் சேய் ப்ராசஸாகத் தொடங்குகிறது (ப்ராசஸ் என்பது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்; தொடங்கியது தாய், தொடங்கப்பட்டது சேய்). கோப்பை அதன் உள்ளீட்டில் எழுதி, திருத்திய உரையை அதன் வெளியீட்டிலிருந்து படிக்கிறது. 10 கேபி கோப்பு போய்வருகிறது, 100 கேபி கோப்பும் போய்வருகிறது. 200 கேபி கோப்பு வந்ததும் இரண்டு ப்ராசஸும் அப்படியே நின்றுவிடுகின்றன. பிழைச் செய்தி எதுவும் இல்லை. சிபியு பயன்பாடு பூஜ்யம். இரண்டின் நிலையும் ‘எஸ்’, அதாவது எதற்கோ காத்திருக்கும் உறக்கம். ஒன்றைக் கொன்றால் மற்றதும் போய்விடுகிறது. மறுபடி ஓட்டினால் அதே கோப்பில் அதே இடத்தில் மறுபடி நிற்கிறது.

இதை உருவாக்க எந்த லினக்ஸ் கணினியும் போதும். சி மொழியில் கெட்சாரால் ஓர் எழுத்தை வாங்கி, புட்சாரால் ஓர் எழுத்தைக் கொடுக்கும் நாலு வரி நிரல்தான் சேய். தாய் இரண்டு பைப்களை, அதாவது ஒரு ப்ராசஸ் எழுதுவதை இன்னொன்று படிக்கும் குழாய்களை, திறந்து, ஃபோர்க் செய்து (தன் நகலாகச் சேயை உருவாக்கி), சேயின் 0 (உள்ளீடு), 1 (வெளியீடு) எண் முனைகளில் அவற்றைப் பொருத்துகிறது. பிறகு முழுக் கோப்பையும் எழுதிவிட்டு, எழுதும் முனையை மூடிவிட்டு, பதிலைப் படிக்கத் தொடங்குகிறது. பார்த்தால் தவறே தெரியாது. ‘எல்லாவற்றையும் கொடு, பிறகு எல்லாவற்றையும் வாங்கு’ என்ற அந்த வரிசையில்தான் கோளாறு இருக்கிறது.

எங்கே நிற்கிறது

ஊகிக்க வேண்டியதில்லை, இயக்க முறைமையின் மையமான கெர்னலே சொல்லும். ‘ப்ராக்’ அடைவில் ஒவ்வொரு ப்ராசஸ் எண்ணுக்கும் கீழே ‘சிஸ்கால்’ என்றொரு கோப்பு உண்டு. 64 பிட் இன்டெல் வகைக் கணினியில் அதன் முதல் எண் 0 என்றால் ப்ராசஸ் படிக்கும் அழைப்பான ரீடில் நிற்கிறது, 1 என்றால் எழுதும் அழைப்பான ரைட்டில், 61 என்றால் சேய் முடியக் காத்திருக்கும் வெயிட்டில். அடுத்து வரும் எண், ரீடுக்கும் ரைட்டுக்கும், எந்தக் கோப்பு முனை என்பதைப் பதினாறடிமானத்தில் சொல்லும். கெர்னலுக்குப் போகும் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியை ஓடும் ப்ராசஸோடு இணைத்தாலும் இதே விடை கிடைக்கும்.

இந்த நிகழ்வில் தாயும் 1, சேயும் 1. இருவருமே எழுத முயன்றுகொண்டிருக்கிறார்கள், படிக்க யாருமில்லை. சேய் எழுதும் பைப்பைக் காலி செய்ய வேண்டிய தாய் எழுதி முடிக்காமல் வரமாட்டாள். தாய் எழுதும் பைப்பைக் காலி செய்ய வேண்டிய சேயோ தன் வெளியீடு போகாமல் அடுத்த எழுத்தை வாங்காது.

அந்த ஒரு பார்வையிலேயே நோயைப் பிரித்துவிடலாம். இரண்டும் ரைட்டில் நின்றால் இங்கே பேசும் முட்டுக்கட்டை. தாய் வெயிட்டில், சேய் ரைட்டில் என்றால், வெளியீட்டைப் படிக்கும் முன்பே சேய் முடியட்டும் என்று தாய் உட்கார்ந்துவிட்டாள். இரண்டும் ரீடில் நின்றால் அது வேறு நோய், பின்னால் வரும்.

உறுதிசெய்ய ஒரு குறும்புத்தனமான வழியும் உண்டு. சேயின் ப்ராக் அடைவில் ‘எஃப்டி’ என்பதன் கீழ் உள்ள 1 எண் முனையை, வெளியே இன்னொரு முனையத்திலிருந்து கேட் கட்டளையால் படித்துப் பாருங்கள். சேய் உடனே நகரும், தாயும் நகர்வாள். காரணம் நிரூபணமாகிவிட்டது. ஆனால் நீங்கள் படித்த பைட்டுகள் தாய்க்குப் போகாது. பதில் ஓட்டை விழுந்ததாக இருக்கும். சோதனைக் கணினியில் மட்டும் செய்ய வேண்டிய வேலை இது.

சரியாக எத்தனை பைட்டில்

பைப் என்பது கெர்னல் நினைவகத்தில் உள்ள ஒரு வட்ட வரிசை. லினக்ஸில் இயல்பாக 16 இடங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் (கெர்னல் நினைவகத்தைப் பிரித்துக் கொடுக்கும் அலகு). 4,096 பைட் பக்கம் என்றால் மொத்தம் 65,536 பைட். 2.6.11-க்கு முந்தைய கெர்னல்களில் ஒரே பக்கம்தான் இருந்தது. ஆகவே 64 கேபியைத் தாண்டினால் நிற்கும் என்று பலரும் எதிர்பார்க்கிறார்கள். 100 கேபி ஏன் போய்வந்தது?

கணக்கைப் பக்கங்களில் போடுவோம். சேயின் வெளியீடு பைப்பாக இருக்கும்போது சி நூலகம் அதை 4,096 பைட்டாகச் சேர்த்துவைத்துத்தான் எழுதும். உள்ளீட்டையும் 4,096 பைட்டாகவே இழுக்கும். வெளிப் பைப்பில் 16 பக்கம் நிறைகிறது. பதினேழாவது பக்கம் சேயின் வெளியீட்டு பஃபரில் (எழுதும் முன் சேர்த்துவைக்கும் இடத்தில்) நிரம்பி, போக இடமின்றி நிற்கிறது. அதை வெளியே தள்ளத் தூண்டிய அடுத்த எழுத்து பதினெட்டாவது பக்கத்தைச் சேர்ந்தது. அந்தப் பக்கமும் உள்ளே வந்தாகிவிட்டது. சேய் இழுத்தது ஆக 18 பக்கம். உள் பைப்பில் இன்னொரு 16. மொத்தம் 34 பக்கம், 1,39,264 பைட். அதுவரை தாயின் ரைட் தடையில்லாமல் முடியும், அதைத் தாண்டினால் நிற்கும்.

சேய் ஒரு பைட்டுக்கு இரண்டு எழுத்து தரும் நிரலாக இருந்தால், பதினாறடிமான உருவுக்கு மாற்றுவது மாதிரி, வெளிப் பைப் இரு மடங்கு வேகத்தில் நிறையும். சேய் 9 பக்கம் இழுத்ததும் அடைபடும். எல்லை 25 பக்கம், 1,02,400 பைட். எனவே ‘இந்த அளவுக்கு மேல் போகாதே’ என்று ஆவணத்தில் ஓர் எண்ணை எழுதிவைப்பது வீண். அந்த எண் சேயின் உள் வேலையைப் பொறுத்து மாறும். நாளை சேயின் புதிய பதிப்பு வந்தால் யாரும் சொல்லாமலே மாறும்.

65,536 என்பதும்கூட உச்ச அளவுதான், உறுதி அல்ல. வரிசையில் இருப்பவை பைட்டுகள் அல்ல, இடங்கள். புதிதாக எழுதுவது கடைசிப் பக்கத்தில் மீதமுள்ள இடத்தில் முழுதாக அடங்கினால் அங்கே ஒட்டப்படும்; அடங்காவிட்டால் புதிய பக்கம் எடுக்கப்படும். ஒவ்வொரு முறையும் 2,049 பைட் எழுதும் நிரல் பக்கத்துக்கு ஒன்றாக 16 முறை எழுதியதும், அதாவது 32,784 பைட்டிலேயே, பைப் நிறைந்துவிடும்.

சார்ட் சொன்ன பொய்

இந்தக் கோளாறு சோதனையைத் தாண்டிப் போவதற்கு முக்கியக் காரணம், சோதனையில் பயன்படுத்தும் சேய். வரிகளை வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளையை வைத்துப் பார்த்தால் 50 எம்பி கொடுத்தாலும் நிற்காது. உள்ளீடு முழுவதும் முடிந்த பிறகே அது முதல் வரியை வெளியிடும். தாய் எழுதும்போது அது எழுதுவதில்லை. வரிகளை எண்ணும் கட்டளையும் அப்படியே. வாங்கிக்கொண்டே கொடுக்கும் வடிகட்டியில்தான் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும் வட்டம் மூடும். முட்டுக்கட்டைக்கு நான்கு நிபந்தனைகள் சேர வேண்டும் என்று காஃப்மனும் உடன் ஆய்வாளர்களும் 1971-இல் எழுதிய கட்டுரை இன்றும் பாடமாக இருக்கிறது. அவற்றில் வட்டக் காத்திருப்பு என்ற நான்காவது நிபந்தனையைச் சார்ட் தானாகவே உடைத்துவிடுகிறது. தாய் நிரல் சரியாக எழுதப்பட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

மறந்துபோகும் மூன்றாவது பைப்

வெளியீட்டை ஒழுங்காகப் படித்தும் நிற்கும் நிரல்கள் உண்டு. பிழைச் செய்திகளுக்கான 2 எண் முனையையும் ஒரு பைப்பில் கட்டிவிட்டு, ‘கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டால் போதும். கெட்ட வரி ஒன்றுக்கு 80 பைட் செய்தி எழுதும் சேயை எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 51 செய்திகள் அடங்கும். 16 பக்கத்துக்கு 816. 817-ஆவது கெட்ட வரியில் சேய் உறைந்துவிடும். தாய் 1 எண் வெளியீட்டுக்காக ரீடில் தவம் கிடப்பாள். நல்ல தரவில் ஆண்டுக்கணக்கில் ஓடிய சேவை, குப்பைக் கோப்பு ஒன்று வந்த அன்று நிற்பது இதனால்தான். பிழை முனையைத் தனியே படிக்க விருப்பமில்லை என்றால் ஒரு கோப்பில் விடுங்கள், வெளியீட்டோடு கலந்துவிடுங்கள், இல்லையேல் தாயின் பிழை முனையையே சேய்க்கும் கொடுங்கள். யாரும் படிக்காத பைப் மட்டும் கூடாது.

கூட்டம் சேர்ந்தால் 30 கேபியிலேயே

சிலர் கோப்பின் அளவை 64 கேபிக்குள் கட்டுப்படுத்திவிட்டுத் தப்பித்ததாக நினைப்பார்கள். ஒரே பயனரின் பெயரில் நூற்றுக்கணக்கான வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும்போது அதுவும் பலிக்காது. ஒரு பயனர் பைப்களுக்காக வைத்திருக்கும் பக்கங்களுக்கு கெர்னல் ஒரு மென்வரம்பு வைத்திருக்கிறது; இயல்பு மதிப்பு 16,384 பக்கம். 16 பக்கப் பைப்கள் 1,024 அதில் அடங்கும். வேலைக்கு மூன்று பைப் என்றால் 341 வேலைகள். அதன் பிறகு திறக்கும் பைப்புக்குப் பிழை எதுவும் வராது. சத்தமில்லாமல் சிறிய பைப் கிடைக்கும். 5.14 கெர்னலிலிருந்து 2 பக்கம், அதற்கு முன் ஒரே பக்கம். நம் நாலு வரிச் சேயோடு 2 பக்கப் பைப்களில் கணக்குப் போட்டால் எல்லை 6 பக்கம், 24,576 பைட். 30 கேபி கோப்பு நின்றுவிடும்.

கண்டுபிடிக்கக் கடினமான வடிவம் இதுதான். தனியாக ஓட்டினால் வராது. முழு உரிமையுள்ள ரூட் பயனராக ஓட்டினாலும் வராது, ஏனென்றால் சிறப்பு உரிமை உள்ள ப்ராசஸுக்கு இந்த வரம்பு செல்லாது. பைப்பின் உண்மையான அளவை எஃப்கன்ட்ல் அழைப்பில் ‘எஃப்_கெட்பைப்_எஸ்இசட்’ கேட்டு அறியலாம். சேவையின் பதிவில் அந்த எண்ணை ஒருமுறை எழுதிவைத்தால் பல மணி நேரம் மிச்சம்.

திருத்தங்கள்: உதவாதவை முதலில்

பைப்பைப் பெரிதாக்குவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். 2.6.35 கெர்னல் முதல் அது முடியும். சாதாரணப் பயனருக்கு இயல்பு உச்சம் 1,048,576 பைட். நிற்கும் இடம் தள்ளிப்போகும், அவ்வளவே. அதோடு மேலே சொன்ன பயனர் வரம்பையும் 16 மடங்கு வேகத்தில் தின்னும்.

நேர வரம்பு வைத்துச் சேயைக் கொல்வது இரண்டாவது. அது காவல், வைத்தியம் அல்ல. அந்தக் கோப்பு எத்தனை முறை வந்தாலும் தோற்கும்.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது: ‘போல்’ (poll) என்ற அழைப்பை வைத்து ‘எழுத இடம் இருக்கிறதா’ என்று கேட்டுவிட்டு எழுதுவது. கேட்பது சரிதான். ஆனால் போல் ‘ஆம்’ என்று சொல்வதன் பொருள் ஓர் இடமாவது காலி என்பது மட்டுமே. தடுக்கும் முனையில் 1 எம்பி ரைட் கொடுத்தால், அந்த ஓர் இடம் நிறைந்ததும் அங்கேயே உறங்கிவிடும். முனையை, இடமில்லாவிட்டால் உறங்காமல் உடனே திரும்பும் ஓ_நான்பிளாக் நிலைக்கு மாற்ற வேண்டும், அல்லது ஒரு தடவைக்கு 4,096 பைட்டுக்கு மேல் எழுதாமல் இருக்க வேண்டும்.

உதவுபவை

எளியது தற்காலிகக் கோப்பு. உள்ளீட்டைக் கோப்பில் எழுதி, அதையே சேயின் 0 எண் முனையாகக் கொடுத்தால் தாய் பைப்பில் எழுதும் வேலையே இல்லை; வெளியீட்டையும் பிழை முனையையும் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். வேகம் குறையும் என்ற பயம் பெரும்பாலும் வீண். சிறிய கோப்பு வட்டுக்குப் போகும் முன்பே நினைவகத் தற்காலிகச் சேமிப்பில் படிக்கப்பட்டுவிடும்.

அடுத்தது த்ரெட், அதாவது ஒரே ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் தனி வேலைத்தொடர். எழுத ஒன்று, பிழை முனையைப் படிக்க ஒன்று, வெளியீட்டை முதன்மை த்ரெட்டே படிக்கட்டும். நேரான வழி. சேய் நடுவில் இறந்தால் எழுதும் த்ரெட் என்ன செய்யும் என்பதை மட்டும் யோசித்துவைக்க வேண்டும்.

நூற்றுக்கணக்கான சேய்கள் இருந்தால் போல் சுழற்சிதான் பொருத்தம். மூன்று முனைகளையும் நான்பிளாக் ஆக்குங்கள். எழுத மிச்சம் இருக்கும்வரை மட்டும் எழுதும் முனையைப் பட்டியலில் வையுங்கள். மிச்சம் இல்லாதபோதும் வைத்திருந்தால் போல் உடனுக்குடன் திரும்பி சிபியுவை 100 சதவீதத்துக்கு ஏற்றிவிடும். ரைட் எத்தனை பைட் எடுத்தது என்று திருப்பித் தரும் எண்ணை நம்பி அங்கிருந்து தொடருங்கள். முடிந்ததும் எழுதும் முனையை மூடுங்கள். படிக்கும் இரண்டு முனையிலும் ரீட் 0 தரும்வரை சுற்றுங்கள். வெயிட் அதற்குப் பிறகுதான். பைத்தான் எழுதுபவர்களுக்குத் துணைப்ராசஸ் தொகுதியின் ‘கம்யூனிகேட்’ முறை இதையே செய்கிறது. விண்டோஸில் அதுவே த்ரெட்களைக் கொண்டு செய்கிறது. அது இருக்கும்போது கையால் ரைட், ரீட் என்று எழுத நல்ல காரணம் வேண்டும்.

திருத்திய பிறகு வரும் இரண்டாவது உறைவு

த்ரெட் வைத்தாயிற்று, 200 கேபி போய்வருகிறது. ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் ஓடும்போது எப்போதாவது ஒன்று நிற்கிறது. இப்போது பார்த்தால் தாயும் ரீடில், சேயும் ரீடில். தாய் எழுதி முடித்து முனையை மூடிவிட்டாள். ஆனால் சேய்க்கு முடிவுக் குறி வரவில்லை.

பைப்பின் எழுதும் முனையின் பிரதிகள் அனைத்தும் மூடினால்தான் ரீட் 0 தரும். முதல் வேலைக்கான பைப்பைத் தாய் திறந்து வைத்திருந்த நேரத்தில் இன்னொரு த்ரெட் இரண்டாம் சேயை ஃபோர்க் செய்தது. அந்த எழுதும் முனை இரண்டாம் சேய்க்கும் பரம்பரையாகப் போய்விட்டது. அது முடியும்வரை முதல் சேய்க்கு விடுதலை இல்லை. ப்ராக் அடைவில் எஃப்டி பட்டியலைப் பார்த்தால் ஒவ்வொரு பைப்புக்கும் சதுர அடைப்புக்குள் ஓர் ஐநோட் எண் தெரியும். அந்த எண்ணை எல்லா ப்ராசஸ்களின் பட்டியலிலும் தேடுங்கள். சம்பந்தமே இல்லாத ஒரு ப்ராசஸில் அது தலைகாட்டினால் அங்கேதான் கசிவு.

பைப்பைத் திறக்கும்போதே க்ளோஸ்-ஆன்-எக்ஸெக் கொடியோடு (சேய் எக்ஸெக் அழைப்பால் புதிய நிரலாக மாறும்போது முனை தானே மூடிக்கொள்ளும்) திறப்பதுதான் திருத்தம், 2.6.27 கெர்னல் முதல் உள்ள பைப்2 அழைப்பு அதற்காகவே. முதலில் திறந்து, பிறகு எஃப்கன்ட்லால் கொடி வைத்தால் இரண்டுக்கும் நடுவே இன்னொரு த்ரெட் ஃபோர்க் செய்துவிடலாம். பைத்தான் 3.4 முதல் தான் திறக்கும் முனைகளை இயல்பாகவே பரம்பரைக்கு விடுவதில்லை.

இதன் உறவுக்கார நோய் ஒன்று உண்டு: நேர வரம்பு தாண்டியதும் சேயைக் கொல்கிறீர்கள், ஆனால் சேய் தொடங்கிய பேரப்பிள்ளை ப்ராசஸ் வெளியீட்டு முனையைப் பிடித்துக்கொண்டு உயிரோடிருக்கிறது. உங்கள் ரீட் முடியவே முடியாது. சேயைத் தனி ப்ராசஸ் குழுவில் தொடங்கி, குழு முழுவதற்கும் சிக்னல் அனுப்ப வேண்டும்.

இரண்டும் ரீடில் நிற்க இன்னொரு காரணம், கேள்வி-பதில் முறையில் சேயோடு பேச முயல்வது. 10 பைட் கேள்விக்கே நின்றுபோகும், ஏனென்றால் சேயின் பதில் அதன் சொந்த 4,096 பைட் பஃபரிலேயே கிடக்கும். முனையத்தில் ஓட்டினால் வரிக்கு வரி வெளியே வரும், பைப்பில் வராது. சேயின் மூலநிரல் கையில் இருந்தால் ஒவ்வொரு பதிலுக்கும், பஃபரை வெளியே தள்ளும் எஃப்ஃப்ளஷ் போடுங்கள். இல்லாவிட்டால் பஃபர் முறையை வெளியிலிருந்து மாற்றும் எஸ்டிடிபஃப் கட்டளை உதவலாம்; சி நூலகத்தோடு இயக்க நேரத்தில் இணைந்து, அதன் பஃபரையே பயன்படுத்தும் நிரலில் மட்டும்.

சேய் முந்திக்கொண்டு இறந்தால்

படிப்பவர் யாரும் இல்லாத பைப்பில் எழுதினால் சிக்பைப் சிக்னல் வரும். இயல்பாக அது தாயையே கொல்லும். ஷெல்லில் 141 என்ற முடிவு எண் தெரிந்தால், 128-உடன் சிக்பைப்பின் 13-ஐக் கூட்டியது அது. சேவை நிரல் இந்தச் சிக்னலைப் புறக்கணித்து, ரைட் தரும் இபைப் பிழையைக் கையாள வேண்டும். புறக்கணிப்பு எக்ஸெக்கைத் தாண்டியும் ஒட்டிக்கொள்ளும் என்பதால், சேயில் எக்ஸெக்குக்கு முன் இயல்புநிலைக்குத் திருப்பிவிடுங்கள்.

பைப்பை விட்டுவிட்டால்

யுனிக்ஸ் சாக்கெட் ஜோடிக்கு மாறினால் பஃபர் அளவு மாறும், வட்டம் மாறாது. போசிக்ஸ் செய்தி வரிசையில் லினக்ஸின் இயல்பு 10 செய்திகள், ஒவ்வொன்றும் 8,192 பைட் வரை. இரு திசைக்கு இரு வரிசை வைத்து இதே தாயை ஓட்டினால் இதே உறைவு. பகிர்ந்த நினைவகத்தில் ‘நிறைந்துவிட்டது’ என்று கெர்னல் யாரையும் உறங்கவைப்பதில்லை. ஆனால் யார் எப்போது படிக்கலாம் என்பதை நீங்களே செமஃபோரால் (ப்ராசஸ்களை முறைவைத்து நுழையவிடும் பூட்டால்) கட்ட வேண்டும், பூட்டைப் பிடித்தபடி ஒரு ப்ராசஸ் இறந்தால் அதையும் நீங்களே கவனிக்க வேண்டும். 200 கேபி உரைக்கு அந்தத் தொல்லை தேவையில்லை.

சோதனைக்கு வைக்க வேண்டிய சேய்கள்

வாங்கிய உடனே கொடுக்கும் ஒன்று, 10 எம்பி உள்ளீட்டோடு. எதையும் வாங்காமலே 1 எம்பி வெளியீடு கக்கும் ஒன்று. பிழை முனையில் மட்டும் 1 எம்பி கக்கும் ஒன்று. 100 பைட் வாங்கிவிட்டு வெளியேறும் ஒன்று. பின்னணியில் உறங்கும் பேரப்பிள்ளையை விட்டுவிட்டுத் தான் மட்டும் முடியும் ஒன்று. ஐந்தையும் தனித்தனியாகவும், 400 வேலைகளை ஒரே நேரத்திலும் ஓட்டுங்கள், ரூட் அல்லாத பயனராக.